சூட்டிலேயே இருக்க வேண்டிய எண்ணெய்

அட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சலிப்பறைக்குப் பக்கத்தில் போனாலே கலர் சோர்ட்டர் ஓடுவது காதில் விழுந்துவிடும். ஓயாத படபடப்பு அது. சலித்த தேயிலை சரிவான தட்டுகளில் வழுக்கி விழ, விழுகிற வழியிலேயே கமெராக்கள் ஒவ்வொரு துணுக்கையும் பார்த்துவிடுகின்றன. கறுத்த தேயிலைக்கு நடுவே வெளிறிய குச்சியோ நாரோ தென்பட்டால், அதற்கு நேரே உள்ள சின்ன வால்வு சில மில்லிசெக்கன் மட்டும் திறந்து மூடும். அதிலிருந்து பாயும் காற்று அந்தக் குச்சியை மட்டும் வேறு பெட்டிக்குத் தள்ளிவிடும். முன்பெல்லாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கிய வேலை இது.

அந்தக் காற்றைத் தருவது பக்கத்து அறையில் உறுமிக்கொண்டிருக்கும் கொம்பிரசர். தொழிற்சாலையில் பார்வையாளர் யாருக்கும் காட்டப்படாத இயந்திரம் இதுதான். ரோலரைக் காட்டுவார்கள், உலர்த்தியைக் காட்டுவார்கள், கொம்பிரசர் அறைக் கதவை யாரும் திறப்பதில்லை. எனக்கோ மலையகத்தின் உயரம், குளிர், மழை, மூடுபனி எல்லாம் ஒன்றுகூடி வந்து சோதித்துப் பார்க்கும் இடம் அதுதான் என்று படுகிறது. சோதனை முழுவதும் அந்த இயந்திரத்துக்குள் சுற்றும் எண்ணெயின் சூட்டைப் பற்றியது.

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுவதை எல்லோரும் அறிவோம். எவ்வளவு சூடாகும் என்பதை நிர்ணயிப்பது, காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறோம் என்பது. இங்கேதான் உயரம் உள்ளே வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் ஒரு பாரை ஒட்டி இருக்கும் வளிமண்டல அமுக்கம், அங்கே ஏறத்தாழ 0.81 பார்தான். அமுக்கமானி இரண்டு ஊரிலும் 7 பார் என்று காட்டட்டும். கொழும்பில் அது ஏறத்தாழ 8 மடங்கு அமுக்கம். நுவரெலியாவில் மெலிந்த காற்றிலிருந்து தொடங்குவதால் 9.6 மடங்கு.

அமுக்கும்போது கொஞ்சமும் குளிரவிடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகச் சமன்பாட்டைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொழும்பின் 30 பாகைக் காற்று கிட்டத்தட்ட 274 பாகை செல்சியஸுக்கு ஏறும். நுவரெலியாவின் 16 பாகைக் காற்றோ 278 பாகைக்கு! மலைக் குளிர் கொடுத்த 14 பாகைச் சலுகையை மலை உயரம் முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. 'நம்ம ஊர்க் குளிருக்கு மெஷின் சூடே ஆகாது' என்று மலையில் சொல்வதை நம்பியிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்ப்பது நல்லது.

278 பாகையில் எந்த எண்ணெயும் நெடுநாள் தாங்காது. கொம்பிரசர் எண்ணெய்கள் பலவற்றின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையே 200 முதல் 240 பாகைக்குள் அடங்கிவிடும். ஆகவே வெப்பத்தை, அது பிறக்கும் இடத்திலேயே பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டும். இன்று தொழிற்சாலைகளில் ஓடும் திருகுக் கொம்பிரசரின் சூட்சுமம் இதுதான். ஒன்றுக்குள் ஒன்று பொருந்திச் சுழலும் இரண்டு திருகு உருளைகள் காற்றைப் பள்ளங்களில் வாங்கி, நெருக்கிக்கொண்டே போய், மறுமுனையில் வெளியே விடுகின்றன. சுவீடன் பொறியியலாளர் அல்ஃப் லிஸ்ஹோம் 1930களில் இதைத் தொழிலுக்கு உதவும் இயந்திரமாக வளர்த்தெடுத்தபோது உள்ளே எண்ணெய் கிடையாது. உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் பற்சக்கரங்கள் பார்த்துக்கொண்டன. 1950களில்தான் உருளைகளுக்கு நடுவிலேயே எண்ணெயைப் பீய்ச்சும் முறை வந்தது. இடைவெளியை அடைப்பது, உராய்வைக் குறைப்பது, சூட்டை வாங்கிக்கொள்வது ஆகிய மூன்று வேலையையும் எண்ணெயே செய்தது. மூன்றில் பெரிய வேலை கடைசியாகச் சொன்னதுதான்.

எவ்வளவு எண்ணெய் தேவைப்படும்? 15 கிலோவாட் கொம்பிரசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது இழுக்கும் மின்சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் வெப்பமாக எண்ணெய்க்குள் போய்ச் சேர்கிறது. அதாவது சுமார் 11 கிலோவாட். எண்ணெய் 20 பாகை மட்டும் சூடேறி வெளிவர வேண்டும் என்றால், நிமிடத்துக்கு 16 கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட 19 லீற்றர் எண்ணெய் உருளைகளுக்குள் பாய்ந்தாக வேண்டும். அதே நிமிடத்தில் அந்த இயந்திரம் உள்ளே இழுக்கும் நுவரெலியாக் காற்றின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல்தான். காற்றை அமுக்கும் இயந்திரம் என்கிறோம். எடைக் கணக்கில் பார்த்தால் அதற்குள் ஓடுவதில் பெரும்பங்கு எண்ணெய். இத்தனையையும் தள்ள தனியாக ஒரு பம்ப் கூடப் பெரும்பாலான இயந்திரங்களில் இல்லை. எண்ணெயையும் காற்றையும் பிரிக்கும் பிரிகலனில் இருக்கும் காற்றின் அமுக்கமே எண்ணெயைத் திரும்ப உருளைகளுக்கு அனுப்புகிறது.

சூடான எண்ணெய் வெளியே வந்து, பிரிகலனில் காற்றை விட்டுப் பிரிந்து, மெல்லிய தகடுகள் அடுக்கிய கூலருக்குப் போய், விசிறிக் காற்றில் ஆறி, மறுபடி உருளைக்கு வரும். கூலரைப் பெரிதாகப் போட்டு, ஊரும் குளிராக இருந்துவிட்டால் எண்ணெய் 40 பாகையில் சுகமாகச் சுற்றும். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். விட்டுவிடக் கூடாது. காரணம், காற்றோடு கூடவே உள்ளே வரும் தண்ணீர்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மஸ்கெலியா, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் மூடுபனி சன்னலுக்குள்ளேயே வந்துவிடும். 16 பாகையில் ஏறக்குறைய முழுதும் நிறைவுற்ற காற்றில் ஒரு கன மீற்றருக்கு 13 கிராம் அளவு நீராவி இருக்கிறது. மேலே சொன்ன 15 கிலோவாட் இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் சுமார் 140 கன மீற்றர் காற்றை இழுக்கும். அதாவது மணிக்கு ஒன்றேமுக்கால் லீற்றர் தண்ணீரை அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகக் குடிக்கிறது. எட்டு மணி நேர வேலைக்கு 14 லீற்றர்.

நுவரெலியா உயரத்தில் இந்த நீராவியும் காற்றோடு சேர்ந்து 9.6 மடங்கு அமுக்கப்படுகிறது. வெளியே 17 மில்லிபாராக இருந்த ஆவியமுக்கம் உள்ளே 163 மில்லிபார் ஆகிறது. அந்த அமுக்கத்தில் நீராவி ஒடுங்கித் தண்ணீராகத் தொடங்கும் பனிபடுநிலை 56 பாகை. 20 பாகையான ஒரு மழைநாள் மதியத்தில் அது 60 பாகைக்கு ஏறிவிடும். பிரிகலனுக்குள் எண்ணெய் இதைவிடக் குளிர்ந்திருந்தால், காற்றோடு வெளியே போயிருக்க வேண்டிய நீர் எண்ணெய்க்குள்ளேயே தங்கிவிடும். சூடாக இருந்தால் அதே நீர் ஆவியாகவே கடந்து போய், அடுத்த கட்டத்தில், அதாவது காற்றைக் குளிரவைக்கும் இடத்தில், திரண்டு வடிந்துவிடும். தண்ணீர் வெளியேற இடம் உண்டு. அந்த இடம் வரும் வரை அதைத் தண்ணீராக விடக் கூடாது.

இதனால்தான் இந்த எண்ணெயின் சூட்டுக்குக் கூரை மட்டும் போதாது, தரையும் வேண்டும். கூரை 105, 110 பாகையை ஒட்டி இருக்கிறது, அதைத் தொட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். தரை 60 பாகைக்கும் மேலே, கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி விட்டு, ஏறத்தாழ 70. இரண்டுக்கும் நடுவில் 75 முதல் 95 பாகைக்குள் எண்ணெய் குடியிருக்க வேண்டும்.

தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. உலர்த்தியில் அவர் நாள்தோறும் செய்வது இதேதான். உள்ளே போகும் காற்றை 90 பாகைக்கு மேல் வைத்திருந்தாலும், அவர் கண் இருப்பது வெளியே வரும் காற்றின் வெப்பமானியில். அது 50, 55 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். கீழே இறங்கினால் ஈரம் உரிய நேரத்தில் போகாமல் தேயிலை உள்ளேயே வெந்து, கோப்பையில் தட்டையாக வரும். அளவு மீறி ஏறினால் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். இரண்டு கேடும் ஈரத்தின் வழியாகவே வருகின்றன. கொம்பிரசரிலும் அப்படித்தான். உலர்த்தியின் வெப்பநிலையை மணிக்கொரு தரம் கொப்பியில் எழுதும் தொழிற்சாலைகள் கொம்பிரசர் எண்ணெயின் வெப்பநிலையையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணெயைத் தரைக்கு மேலே தாங்கிப் பிடிப்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைக் குப்பி. அதற்குள் இருப்பது மெழுகு. குறித்த வெப்பநிலையில் உருகும்படி கலவை செய்த மெழுகு, உருகும்போது கனவளவில் சட்டென்று பெருத்து, நடுவில் இருக்கும் ஊசித்தண்டை வெளியே தள்ளும். அமெரிக்காவில் சேர்ஜியஸ் வேர்னே 1930களில் உருவாக்கி, வாகனங்களின் தெர்மோஸ்டாட்டில் புகுந்த அதே உத்தி. கொம்பிரசரில் எண்ணெய் குளிராக இருக்கும்போது கூலர் பக்க வழி மூடியிருக்கும். எண்ணெய் கூலரைத் தொடாமல் குறுக்கு வழியில் நேரே உருளைகளுக்குத் திரும்பி, சுற்றிச் சுற்றித் தானே சூடேறும். 70 பாகையை ஒட்டி மெழுகு இளகத் தொடங்க, தண்டு நகர்ந்து கூலர் வழி மெல்லத் திறக்கும். இன்னும் பத்துப் பதினைந்து பாகை ஏறினால் முழுதும் திறந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். தோட்டத்தில் மின்னழுத்தம் எப்படி ஆடினாலும் மெழுகின் உருகுநிலை ஆடாது.

இந்த வால்வு பழுதாகும் விதத்தில் ஒரு பெரிய ஓரவஞ்சனை இருக்கிறது. மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எண்ணெய் அளவு மீறிச் சூடேறி, அலாரம் அடித்து, இயந்திரம் நின்று, அன்றே ஆள் வந்து பார்ப்பார். திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் ஒன்றுமே நடக்காது. திரையில் 52 பாகை என்று காட்டும். 'நல்லா கூலா ஓடுது' என்று எல்லோருக்கும் திருப்தி. பெரும்பாலான இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது சூடு கூடினால் கூவுவதற்கு ஏற்பாடு உண்டு, சூடு குறைந்தால் சொல்வதற்கு ஏற்பாடு இல்லை. மழைக்காலம் முழுக்க எண்ணெய் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போகும். லொறி, பஸ்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் நாட்டில் பழையது. அந்தக் கை கொம்பிரசருக்கும் வந்தால், மெழுகுக் குப்பி இல்லாத வெறும் வால்வு அன்றிலிருந்து எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கும்.

வால்வு நன்றாக இருந்தும் எண்ணெய் நனைவதுண்டு. தேவைக்கு மிஞ்சிய பெரிய கொம்பிரசரை வாங்கிவிட்டால், கலர் சோர்ட்டர் கேட்கும் காற்றை அது சில நிமிடத்தில் நிரப்பிவிட்டு நின்றுவிடும். மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும். சூடேற நேரமே இல்லை. கொழுந்து குறைந்த மாதங்களில் சலிப்பறையே ஓரிரு மணி நேரம்தான் ஓடும், அப்போது நிலைமை இன்னும் மோசம். அப்படியான நாட்களில் வாரத்துக்கு ஒரு தரமாவது, காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டபடி, எண்ணெய் 80 பாகைக்கு வந்து அரை மணி நேரம் நிற்கும் வரை இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிடுவது பயன் தரும். அந்த மின்சாரச் செலவு, உருளைகளைச் சுமக்கும் தாங்கி (பெயாரிங்) ஒன்றின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

எண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். இரவு முழுக்க நின்ற இயந்திரத்தில், காலையில் சுவிட்ச் போடுமுன், அமுக்கம் பூச்சியம் என்று மானியில் உறுதிசெய்துகொண்டு, பிரிகலனின் அடியிலுள்ள வடிகுழாயை அரைச் சுற்று மட்டும் திறக்க வேண்டும். கீழே ஒரு கண்ணாடிப் போத்தல். நல்ல எண்ணெய் என்றால் முதல் சொட்டிலிருந்தே தேன் நிறம். தண்ணீர் இருந்தால் முதலில் தெளிந்த நீர் ஓடும், பின்னால் பால் கலந்த தேநீரின் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கலவை வரும், அதற்கும் பிறகுதான் எண்ணெய். அந்தக் கலங்கல்தான் ஆபத்து. தாங்கிகளில் உருளும் எஃகுக்கும் எஃகுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரோன் தடிப்பில்தான் நிற்கிறது. அதில் நீர்த்துளி புகுந்தால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும். நின்ற நேரத்தில் உருளைகளில் துரு ஏறும். எண்ணெயில் கலந்திருக்கும் காப்பு மருந்துகளும் நீரோடு சேர்ந்து சிதையும்.

மெழுகுக் குப்பியையும் அங்கேயே சோதிக்கலாம். கழற்றித் துடைத்து, கம்பியில் கட்டித் தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றி, வெப்பமானியைப் பக்கத்தில் பிடித்தால் போதும். 65 வரை அசையாமல் இருக்கும் தண்டு, 70ஐத் தாண்டியதும் நகம் வளர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் எப்படியோ அப்படி வெளியே வரும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும் இந்தச் சோதனைக்கு அது தாராளம். குளிர்ந்த தண்ணீரில் ஆறவிட்டு, மெல்ல அழுத்தியும் தண்டு உள்ளே போகாவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சூட்டின் மறுபக்கம், அதாவது கூரையைத் தொடுவது, தேயிலைத் தொழிற்சாலையில் பெரும்பாலும் ஒரே வழியில் வருகிறது. சலிப்பறையில் பறக்கும் பஞ்சு போன்ற மெல்லிய தூசு கூலரின் தகடுகளுக்குள் போய் அப்பிக்கொள்ளும். எண்ணெய்ப் பசை இருந்தால் கம்பளம் விரித்தாற்போல் மூடிவிடும். மலைக் காற்று மெலிந்தது என்பதும் இங்கே கணக்கில் வரும். நுவரெலியாவின் 16 பாகைக் காற்று கொழும்பின் 30 பாகைக் காற்றைவிட ஒரு கன மீற்றருக்கு 16 சதவீதம் எடை குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுவது அவ்வளவு குறைவான காற்றைத்தான். மோட்டருக்கும் இது பொருந்தும். சர்வதேசத் தரத்தின்படி மோட்டர்களின் வலு 1,000 மீற்றர் உயரம் வரைக்கே குறிக்கப்படுகிறது. அட்டனே 1,270 மீற்றரை ஒட்டி இருக்கிறது. எண்ணெயின் ஆயுள் பற்றி ஒரு தோராய விதி உண்டு: ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அது பாதியாகும். 85 பாகையில் 4,000 மணித்தியாலம் தாங்கும் எண்ணெய் 105 பாகையில் ஆயிரத்தோடு முடிந்துவிடும். வாரம் ஒரு தரம் கூலரை உள்ளிருந்து வெளியே ஊதிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

தை, மாசியில் நுவரெலியாவில் கொழுந்தின்மேல் உறைபனி படியும் விடியல்களில் இன்னொன்று நடக்கும். 40 பாகையில் அளந்து தரம் குறித்த எண்ணெய், 10 பாகையில் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் தடித்துப்போகும். அந்த நேரத்தில் முழுச் சுமையோடு இயந்திரத்தைத் தொடக்கினால் எண்ணெய் வந்து சேருமுன் உருளைகள் வேகம் எடுத்துவிடும். சில நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டால் போதும். டிம்புலத் தேயிலைப் பகுதியின் நல்ல தேயிலைக் காலமும் இதே மாதங்கள்தான் என்பதால், ஒரு நாள் நின்றாலும் இழப்பு பெரிது.

இத்தனை கவனமும் கடைசியில் தேயிலையில் போய் முடிகிறது. தேயிலை மூன்று சதவீத ஈரத்துக்கு உலர்ந்த நிலையில் சலிப்பறைக்கு வருகிறது. பக்கத்தில் எந்த ஈரம், எந்த வாடை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். கலர் சோர்ட்டரின் காற்று குச்சியை மட்டும் தொடுவதில்லை, சுற்றியிருக்கும் நல்ல தேயிலையையும் தழுவிப் போகிறது. ஆகவே பிரிகலன் தப்பவிட்ட எண்ணெய்த் துளிகளை வடிகட்டிகள் ஒரு கன மீற்றருக்கு 0.01 மில்லிகிராம் வரை இறக்க வேண்டும், காற்றின் ஈரத்தை வாங்கும் உலரி அதன் பனிபடுநிலையை 3 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். இயந்திரத்தில் ஊற்றுவதும் உணவுப் பொருளோடு தற்செயலாகத் தொடர்புபட்டாலும் கேடில்லாத வகை எண்ணெயாக இருக்க வேண்டும். கொம்பிரசரின் சூடான கழிகாற்றைக் குழாய் வைத்துச் சலிப்பறைக்குள் விட்டால் மழைக்காலத்து ஈரம் குறையுமே என்று யோசிப்பவர்கள் உண்டு. 11 கிலோவாட் வெப்பம் ஓர் அறைக்குச் சின்ன விஷயமல்லதான். ஆனாலும் அதில் எண்ணெய் வாடை வராது என்று யாரும் உறுதி தர முடியாது. நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

வடிந்த அந்த 14 லீற்றர் தண்ணீர் எங்கே போகிறது என்பது மிச்சம். காற்று குளிரும் இடத்திலும், காற்றைச் சேர்த்துவைக்கும் தொட்டியிலும், உலரியிலும் ஒடுங்கி வெளிவரும் அது சுத்தமான தண்ணீரில்லை, எண்ணெய் கலந்தது. வடிகுழாயின் நுனியைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டால் அது கானில் விழுந்து, கானிலிருந்து ஓடைக்குப் போகும். அட்டன், மஸ்கெலியா பக்கத்து ஓடைகள் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியாகக் களனி கங்கையில் சேர்கின்றன. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் களனியிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுவது. நுவரெலியாப் பக்கத்து நானு ஓயா கொத்மலை வழியாக மகாவலிக்குப் போகிறது. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் பெட்டிகள் விற்பனைக்கு உண்டு. அதற்குள் காபன் வடிகட்டி இருக்கும், எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ள நீர் கீழே இறங்கும். ஓடையோரத்தில் நிற்கும் தொழிற்சாலைகள், அடுத்த உலரியை வாங்குமுன் இந்தப் பெட்டியை வாங்க வேண்டும். எண்ணெய் 80 பாகையில் ஓடும் இயந்திரத்தில் வடியும் நீர் எளிதில் பிரியும். தண்ணீர் கலந்து பாலாகிப்போன எண்ணெயோ இந்தப் பெட்டிக்குள்ளும் பிரியாமல் வடிகட்டியைச் சில வாரத்தில் அடைத்துவிடும். அந்த எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து, கழிவெண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.